ஏழாம் பீப்பாயின் புகை

மூக்கை நம்பிப் பிழைப்பவளிடம் மூக்கே பொய் சொன்னால், அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒடெசாவைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். மடியில் துணிப்பை, பைக்குள் பாட்டில், பாட்டிலுக்குள் ஏழாம் பீப்பாயிலிருந்து அவளே இறக்கிய ரம். பார்படோசின் வடகோடியில் இருக்கும் செயின்ட் லூசிக்குப் போகும் பேருந்து வளைவுக்கு வளைவு ஆளைத் தூக்கிப் போட, அவள் பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் பையைப் பார்த்துவிட்டு, "முட்டையா?" என்று கேட்டாள். ஒடெசா ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

ஒடெசா ரம் ஆலையில் கலவைக்காரி. எந்தப் பீப்பாய் எதனோடு சேர வேண்டும், எது இன்னும் சில வருடம் இருட்டில் கிடக்க வேண்டும், எதை இன்றே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பதையெல்லாம் மோந்து பார்த்துச் சொல்வது அவள் வேலை. சொன்னால் சொன்னதுதான். ஆலைக்காரர்களுக்கு அவள் மூக்கின் மேல் அப்படி ஒரு பக்தி. அவள் கிளாசை முகர்ந்து "பழுத்த வாழைப்பழம்" என்றால் மேஜையைச் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் வாழைப்பழம் மணக்கும். "ஜாதிக்காய்" என்றால் ஜாதிக்காய். ஒருமுறை வேடிக்கைக்காக "மழையில நனைஞ்ச நாய்க்குட்டி" என்று சொல்லிப் பார்த்தாள். மேலாளர் ஹாலம் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா ஆமா, கடைசியில லேசா வருது" என்றார். அன்றைக்கு அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், ஜூன் மாதம் வந்த காய்ச்சல் போகும்போது அவள் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. சில வாரங்கள் உலகத்தில் எதற்குமே வாசனை இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, சில நேராக, சில கோணலாக. ரொட்டி ஒழுங்காக வந்தது. எலுமிச்சை வந்தது. சோப்பு வரவே இல்லை. காபி வந்தது, ஆனால் எரிந்த டயராக வந்தது. இதையெல்லாம் கூடச் சகித்துக்கொள்ளலாம். எங்கும் எதுவும் எரியாதபோது திடீரென்று புகை அடிக்கும் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. தேவாலயத்தில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது அடிக்கும். தலை வாரும்போது அடிக்கும். ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தால் அது குளிர்ந்து கிடக்கும். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஒடெசாவின் மூக்கில் நெருப்பில்லாமலே புகைந்தது.

ஆலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஹாலம் விசாரித்தபோது, "முழுசா சரியாயிடுச்சு சார்" என்று பல் தெரியச் சிரித்துவிட்டாள். கலவைக்காரிக்கு மூக்குப் போனால் நாற்காலியும் போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: அந்த வேலை இல்லாமல் போனால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்தா அந்தப் பன்னிரண்டு பீப்பாய்களும் கண் விழிக்க வேண்டும்? பார்படோசில் ரம் கிடப்பது பெரும்பாலும் அமெரிக்காக்காரன் தன் ஊர்ப் போர்பன் விஸ்கியை வைத்துக் காலி செய்த பீப்பாய்களில். இவை அப்படி இல்லை, ஸ்காட்லாந்தில் விஸ்கி உறங்கியவை. முந்தைய கலவைக்காரர் இவற்றை வரவழைத்து, ரம்மை ஊற்றி, அடைப்பானை அறைந்து, "அஞ்சு வருஷம் எவனும் கை வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். போன இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார். பீப்பாய்களை அனுப்பிய தரகர், எல்லாமே புகை வாடையில்லாத சாதுவான விஸ்கி கிடந்தவை என்று அடித்துச் சொல்லியிருந்தாராம். பீப்பாய்த் தலைகளில் இருந்த எழுத்துக்களை யாரோ சுத்தமாக இழைத்துத் தள்ளியிருந்தார்கள். கேட்க ஆளுமில்லை, பார்க்க எழுத்துமில்லை.

வியாழக்கிழமை திறந்து பார்த்தார்கள். பதினொரு பீப்பாய்கள் சொன்னபடி சாதுதான். ஆவியாகிக் காற்று குடித்த பங்கு போக மிச்சமிருந்ததில் தேனும், பிஸ்கட்டும், காய்ந்த ஆரஞ்சுத் தோலும் மணத்தன. ஏழாவதற்கு வந்தாள். கிளாசில் மூக்கை வைத்ததும் முதலில் வாழைப்பழம். அதன் பின்னால் தேங்காய். அதற்கும் பின்னால், கதவைத் தட்டாமல் உள்ளே வரும் விருந்தாளி மாதிரி, புகை.

திக்கென்றது. ஆனாலும் கிளாசை அவள் கீழே வைக்கவில்லை. வீட்டில் வந்து மிரட்டும் புகை பிளாஸ்டிக் கருகும் ஜாதி. வந்தால் தொண்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். இதில் ஓர் இனிப்பு இருந்தது. கொஞ்சம் கடற்கரை உப்பு இருந்தது. ஒரு வாய் எடுத்து உருட்டினாள். நாக்கு நுனியில் வெல்லப்பாகு, நடுவில் மிளகு, துப்பிய பிறகும் போகாமல் நின்ற மெல்லிய சாம்பல். யாருடைய புகை இது? விஸ்கிக்காரர்களில் சிலர் சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்கள் என்று அவள் படித்திருக்கிறாள். அந்தப் புகை மரத்துக்குள் பதுங்கிக் கடலைத் தாண்டி வந்து, ரம்மோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்குமா? தரகர் பதினொன்றோடு ஒன்றாக வேறு ஜாதிப் பீப்பாயைத் தள்ளிவிட்டாரா? இல்லை, இதுவும் தன் மூக்கின் திருவிளையாடல்தானா? பயம் ஒரு பக்கம் இருக்க, தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற அரிப்பு அதைவிட வேகமாக ஏறியது.

உதவியாளர் ஷெர்னெல் பக்கத்தில்தான் நின்றாள். ஒடெசா கிளாசை அவளிடம் நீட்டினாள்.

"உனக்கு என்ன வருது?"

ஷெர்னெல் கிளாசைப் பார்க்கவில்லை, ஒடெசாவின் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வருதுக்கா?"

"நான்தானே உன்னைக் கேக்கறேன்?"

"நல்லா... ஆழமா இருக்குக்கா. நீங்க என்ன சொல்லப்போறீங்களோ, அதேதான் எனக்கும் வருதுன்னு நினைக்கறேன்."

தெய்வத்தைக் கும்பிடலாம், தெய்வத்திடம் சந்தேகம் கேட்கலாம். தெய்வத்துக்கே சந்தேகம் வந்தால் அது பூசாரியைக் கேட்டு என்ன பிரயோஜனம்? புகை என்றால் எல்லோரும் புகை என்பார்கள். இல்லை என்றால் இல்லை என்பார்கள். திங்கட்கிழமை காலையில் ஹாலமும் மற்றவர்களும் மேஜையைச் சுற்றி உட்காரப்போகிறார்கள். நவம்பரில் வரும் சுதந்திர தினத்துக்கென்று தனி ரம் ஒன்று வருகிறது. அதில் ஏழாம் பீப்பாய் என்ன ஆகும் என்று ஒடெசாதான் வாயைத் திறக்க வேண்டும். அவள் எதைச் சொன்னாலும் மேஜை தலையாட்டும். பாட்டில் கடைக்குப் போன பிறகு, காசு கொடுத்துக் குடிக்கிறவன் ஆட்ட மாட்டான். இல்லாத புகையை இருக்கிறது என்று சொன்னாலும், இருக்கிற புகையை மறைத்துவிட்டாலும், தீவு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

ஏழாவதைப் பேசாமல் பெரிய தொட்டியில் கலந்துவிட்டால் கதை முடிந்தது, யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை முழுக்க அதைத்தான் யோசித்தாள். ஆனால் அந்த ரம் நன்றாக இருந்தது. தன் பயத்துக்காக ஒரு நல்ல ரம்மைக் கொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு செயின்ட் லூசியில் எர்மின் நடத்தும் ரம் கடைக்குப் புறப்பட்டாள். அவள் மூக்குக்குத் துளி மரியாதையும் தராத இடம் இந்தத் தீவில் அது ஒன்றுதான்.

எர்மின் கடையில் சனிக்கிழமை என்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் புட்டும், எலுமிச்சையில் ஊறிய பன்றிக்கறியும், டாமினோக் கட்டைகளை மேஜையில் அறைகிற சத்தமும். வாசலோரம் இருவர் மட்டும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லெவிஸ்டன், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டாரே தவிர, செய்தி கொடுப்பதை நிறுத்தவில்லை. மற்றவர் பஸ் மெக்கானிக், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். ஊர் அவருக்குப் பஞ்சர் என்று பெயர் வைத்து எத்தனையோ காலமாயிற்று. ஞானஸ்நானப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்தால் ஆச்சரியம்தான்.

"வாம்மா, மூக்கு மகாராணி!" என்றார் பஞ்சர். "உங்க ஆலைச் சரக்கு போன வாரம் எனக்குத் தலைவலி குடுத்துச்சு, தெரியுமா?"

"பாதி பாட்டிலைக் குடிச்சா வலிக்காம என்ன பண்ணும்ண்ணே?"

"யாரு சொன்னா பாதின்னு? முழுசாக் குடிச்சேன். அதனாலதான் உரிமையோட புகார் பண்றேன்."

ஒடெசா பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். கட்டைகள் தாமாக ஓய்ந்தன. "ஒரு உதவி வேணும். இதைக் குடிச்சுப் பாத்து என்ன வாசனை வருதுன்னு சொல்லணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மனசுல பட்டதைச் சொல்லுங்க."

"குடிக்கிறதுக்கு உதவியா?" லெவிஸ்டன் நாற்காலியை முன்னே இழுத்தார். "நாங்க ஊருக்கு உழைக்கிறவங்கம்மா. கேட்டு வந்துட்டா இல்லைன்னு சொல்ல மாட்டோம்."

அவசரத்தில் அவளே அடைப்பானைத் திருகி, எர்மினுக்கும் சேர்த்து மூன்று கிளாசில் ஊற்றினாள். அவள் கையை எடுக்கவில்லை, மூன்றும் அண்ணாந்து ஒரே வீச்சில் உள்ளே போயின, பின்னாலேயே ஒரு மடக்குத் தண்ணீரும் போனது. மூக்குக்குப் பக்கத்தில் கூடக் கிளாஸ் போகவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவள் மனசுக்குள் நொந்துகொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு," என்றார் பஞ்சர்.

"வாசனை?"

"ரம் வாசனை."

"ரம்முக்குள்ள வேற என்ன வருது?"

"ரம்முக்குள்ள ரம்தானம்மா இருக்கும். பின்ன என்ன, என் மாமியாரா உக்காந்திருப்பா?"

எர்மின் கல்லாவில் சாய்ந்து சிரித்தாள். ஒடெசா விடவில்லை. மறுபடி ஊற்றி, கிளாசின் மேல் கையை வைத்து மறித்துக்கொண்டாள். "மோந்து பாக்காம யாருக்கும் கிடையாது."

லெவிஸ்டன் கடிதத்தின் ஒட்டைச் சோதிப்பது போல மெதுவாக முகர்ந்தார். "ஆஸ்பத்திரி," என்றார். "முழங்கால்ல கத்தி வச்சாங்களே, அப்ப தடவுன மருந்து."

அவள் பஞ்சரைப் பார்த்தாள். பஞ்சர் ஒரு முறை முகர்ந்தார். புருவம் சுருங்கியது. திரும்பவும் முகர்ந்தார். "புகை போட்ட ஹெர்ரிங் மீன்."

ஒடெசாவுக்கு நெஞ்சு குதித்தது. "நிஜமாவாண்ணே? புகையா?"

"அட, அது என் சட்டிடா பஞ்சர்," என்றாள் எர்மின். "காலையில ஹெர்ரிங்தான் வறுத்தேன். கடை பூரா அந்த வாடைதான், உன் சட்டை கூட அதான் அடிக்கும்." பஞ்சர் தன் சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். குதித்த நெஞ்சு இருந்த இடத்துக்கே போய் விழுந்தது.

இரண்டாவது கிளாசையும் காலி செய்து கீழே வைத்த லெவிஸ்டனின் கை பாதியில் நின்றது. அவர் பாட்டிலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு ஒடெசாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் பாட்டிலைத் தொறந்தது நீதானே?"

"ஆமா மாமா."

"ஆம்ப்ரோஸுக்கு ஊத்துனியா?"

பஞ்சர் வாயைப் பிளந்தார். எர்மின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். புதுப் பாட்டிலை யார் திறந்தாலும் இறந்துபோனவர்களுக்காக முதல் துளியை வாசற்படியில் ஊற்ற வேண்டும். இவர்களோடு உட்கார்ந்து ஆடியவர்களில் கடைசியாகப் போனவர் ஆம்ப்ரோஸ், ஈஸ்டருக்கு முந்தின வாரம். வாசலோரத்து ஸ்டூலில் இன்னும் யாரும் உட்காருவதில்லை. ஒடெசாவுக்கு இது தெரியாததா? ஆலையில் முதல் துளி மூக்குக்கு, கடைசித் துளி துப்புகிற தொட்டிக்கு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஊற்றிவிட்டாள்.

"ரெண்டு சுத்து முடிஞ்சிருச்சே," என்றார் பஞ்சர், குரல் இறங்கி. "வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்திருப்பான்."

"உசுரோட இருக்கையிலயே ஒரு சுத்து விட்டுட்டா ஒரு வாரம் பேச மாட்டான்," என்றார் லெவிஸ்டன்.

"இப்பதான் பேசவே மாட்டானே?"

"அதாண்டா பயமே. பேசிட்டான்னா?"

எர்மின் தீர்ப்பு சொன்னாள்: "லேட்டாக் குடுத்தா வட்டியோடதான் குடுக்கணும். போம்மா, போய் ஊத்து."

ஒடெசா பாட்டிலோடு வாசலுக்குப் போனாள். மேற்குப் பார்த்த கடை அது. சிமெண்டுப் படி மத்தியானத்திலிருந்து வெயிலில் வெந்து, செருப்பையும் மீறிச் சுட்டது. "மன்னிச்சுக்குங்க ஆம்ப்ரோஸ் மாமா, மறந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, கொஞ்சம் ஊற்றினாள்.

"இன்னும்," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

ஊற்றினாள்.

"இன்னும்மா! அவன் என்ன கோழிக்குஞ்சா?"

பாதி பாட்டில் போயிற்று. பீப்பாய் வலுவிலேயே தண்ணீர் கலக்காமல் கொண்டுவந்த ரம் அது. சூட்டுப் படியில் பட்டதும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து கண் முன்னால் காணாமல் போனது. ஆம்ப்ரோஸ் நிஜமாகவே தாகமாகத்தான் இருந்திருப்பார். உள்ளே திருப்தி ஏற்பட்டு, கட்டைகளை அறைகிற சத்தம் மறுபடி ஆரம்பமாயிற்று.

அப்போது அவளைப் புகை சூழ்ந்தது. கிளாசுக்குள் எட்டிப் பார்த்த மெல்லிய புகை இல்லை இது. வயலே பற்றிக்கொண்ட மாதிரி குப்பென்று எழுந்து முகத்தில் அறைந்தது. ஒடெசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. உள்ளே ஒருவரும் திரும்பக்கூட இல்லை. பஞ்சர் ஏதோ சொல்ல, லெவிஸ்டன் சிரித்தார். அவர்களுக்கு ஒன்றுமே வரவில்லை. ஆக, தனக்கு மட்டும்தான். வீட்டு அடுப்புப் புகை இப்போது ரம்முக்குள்ளும் புகுந்துவிட்டது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. இனி திங்கட்கிழமை கூடத் தேவையில்லை. அவள் அழ ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று அடித்துக்கொண்டது.

"எந்தப் பாவிடா கரும்புல தீ வச்சான்?"

எதிர்வீட்டு க்ளென்டீன் செருப்புக்கூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடி வந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். பள்ளி திறக்கிற வாரம் என்பதால் கொடி முழுக்க வெள்ளைச் சட்டைகள், கஞ்சி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் கிளிப்போடு பிடுங்கிப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டே கத்தினாள்.

"எர்மின்! ஏ எர்மின்! வெளியில துணி கிடந்தா எடுடி! கரும்புச் சோகை எரியுது, சாம்பல் வந்து விழும்! ஒரு சட்டை கறுத்துச்சுன்னா தீ வச்சவனைத் தேடிப் புடிச்சு வெளுத்துருவேன்!"

எர்மின் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "செப்டம்பர்ல எங்கடி தீ வைக்கக் கரும்பு? வெட்டி முடிச்சு எத்தனை மாசமாச்சு! வயல்ல பச்சையால்ல நிக்குது!"

"அதை வந்து என் மூக்குக்கிட்டச் சொல்லு! அடுப்படி வரைக்கும் வந்துருச்சு!"

ஒடெசாவின் அழுகை பாதியில் நின்றது. கிழக்கேயிருந்து வந்த காற்று கடையைத் தாண்டி, அவள் முதுகைத் தள்ளிக்கொண்டு, சாலையைத் தாண்டி, நேரே க்ளென்டீன் வீட்டு ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது. படியில் ஆவியான ரம்மின் வாசனையும் அதோடுதான் போயிருக்கும், கடைக்குள்ளே போகவில்லை. கடைக்குள்ளே அது போகவே முடியாது. அவள் இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்தாள். ஒரு வேன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது.

"என்ன சொன்ன? உனக்கு வாசனை வந்துச்சா?"

"வராம? நான் என்ன செத்தா போயிட்டேன்? நீ ஏன் அழற? உன் துணியும் எங்கயாவது காயுதா?"

ஒடெசா பாட்டிலை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் மோந்து பாரேன்."

க்ளென்டீன் ஓரடி பின்வாங்கினாள். "நான் சபைக்குப் போறவ. இதெல்லாம் தொடறதில்ல."

"தொட வேணாம், குடிக்க வேணாம். மூக்கை மட்டும் குடு. சத்தியமா."

தோளில் சட்டைகளோடு க்ளென்டீன் குனிந்து, பாவத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். இந்த முறை இரண்டு கண்ணும் திறந்திருந்தன. "இதேதான்!" என்றாள். "எரிஞ்ச கரும்புச் சோகை, அப்படியே. ராத்திரி தீப்புடிச்ச வயலை மறுநாள் காலையில தாண்டிப் போவோமே, அந்த இனிப்பு. அதோட கடப்பாசி காயுற மாதிரி என்னமோ ஒண்ணு... இதை எப்படி பாட்டிலுக்குள்ள புடிச்சீங்க?"

கடப்பாசி! அந்த உப்புக்கு ஒடெசாவே இன்னும் பெயர் கண்டுபிடித்திருக்கவில்லை. அவள் க்ளென்டீனை ஈரச் சட்டைகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகத் தேம்பினாள். சிறுவயதிலிருந்து எத்தனையோ தீயைப் பார்த்த மூக்கு இவளுடையது. இதற்கு ஹாலமையும் தெரியாது, கலவைக்காரியையும் தெரியாது, யாருக்கும் தலையாட்ட வேண்டிய தேவையுமில்லை.

பஞ்சரும் லெவிஸ்டனும் கிளாசும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். ஒடெசா அங்கேயே, அந்த முற்றத்திலேயே, காய்ச்சலிலிருந்து காபி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கேட்டு முடித்ததும் பஞ்சர் விரல்விட்டு எண்ணினார்.

"ஜூன்லேருந்து மூக்கு இல்லையா? அப்ப ஆகஸ்ட்ல, அடிமைங்க விடுதலையான நாளுக்குன்னு ஒரு சரக்கு விட்டீங்களே?"

"அதுவும்தான். பாதி மூக்கோட."

"அடக் கடவுளே! இத்தனை வருஷத்துல நீ போட்டதுலயே நல்லது அதாம்மா! மிச்சப் பாதியையும் தொலைச்சுப்புடேன், புண்ணியமாப் போகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சபைக்குப் போகிற க்ளென்டீனும் சிரித்தாள். லெவிஸ்டன் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாத தாயி. இந்த விஷயம் எங்க வாயைத் தாண்டி வெளிய போகாது."

லெவிஸ்டன் வாயைத் தாண்டாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஆனால் ஒடெசாவுக்கு அதைப் பற்றிக் கவலையாக இல்லை. "நீங்க வேணாம் மாமா, நானே சொல்லிடறேன். திங்கக்கிழமை முதல்ல அவங்க மோந்து பாக்கட்டும். ஒவ்வொருத்தரா வாயைத் தொறக்கற வரைக்கும் நான் தொறக்க மாட்டேன். அப்புறம் சொல்றேன், ஏழாவதுல புகை இருக்கு, அதைத் தனியாத்தான் பாட்டில்ல அடைக்கணும்னு. என் காபியில டயர் எரியுதுன்னும் சொல்றேன்."

"வேலை போயிட்டா?"

"போனாப் போகட்டும்னு நான் பெருமை பேச மாட்டேன் மாமா. போகக் கூடாதுன்னு சண்டைதான் போடுவேன். ஆனா பொய் சொல்லிப் பயந்தது போதும்."

லெவிஸ்டன் கடைப் படியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஈரம்கூட மிச்சமில்லை. "ஆம்ப்ரோஸ் வாங்குன வட்டிக்கு வேலை பாத்துட்டான் பாத்தியா," என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் க்ளென்டீன். "பாதி காஞ்சதும் எடுத்த இத்தனை சட்டையை இப்ப யாரு திரும்பப் போடறது? உன் ரம்தானே பண்ணுச்சு?"

ஆண்கள் இருவருக்கும் திடீரென்று டாமினோ ஞாபகம் வந்து நழுவினார்கள். ஒடெசா பாட்டிலைச் சுவரோரம் வைத்துவிட்டு ஒவ்வொரு சட்டையாக உதறிக் கொடியில் போட்டாள். சோப்பு வாசனை அப்போதும் வரவில்லை. வராவிட்டால் போகிறது, இன்னொரு நாள் வரட்டும். அவள் மனசெல்லாம் வேறொன்றில் இருந்தது. எங்கேயோ குளிர்நாட்டில் முகம் தெரியாத எவனோ மண்ணை எரித்தான். அது எப்படி இங்கே ஒருத்தியைச் செருப்பில்லாமல் ஓடவைத்தது? மண் எரிந்தாலும் கரும்பு எரிந்தாலும் புகைக்கு ஒரே குணமா? அல்லது நம் ரம்தான் அந்தப் பரதேசிப் புகைக்குக் கரும்பின் நினைப்பைச் சொல்லிக்கொடுத்ததா? பீப்பாயைத்தான் கேட்க வேண்டும். திங்கட்கிழமைக்குப் பிறகு அதையும் ஒரு கை பார்த்துவிடலாம்.

அவள் போட்டுவிட்டுப் போன சட்டைகளைப் பின்னாலேயே நேராக்கிக்கொண்டு வந்த க்ளென்டீன், ஒரு காலரிடம் நின்றாள். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"ஏய்! உன் கையில என்ன அது? இந்தச் சட்டை பூரா புகை நாத்தம் அடிக்குது! பள்ளிக்கூடத்துப் பிள்ளை ரம் வாடையோடவா போய் உக்காரும்?"

ஒடெசா உள்ளங்கையை முகர்ந்தாள். ஆமாம், ரம் வழிந்து காய்ந்த இடத்தில் மெல்லிசாக, இனிப்பாக, உப்பாக. மூன்று மாதமாக யாருடைய பாராட்டும் இத்தனை இனிப்பாக இருந்ததில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு க்ளென்டீன்," என்றாள்.

"புகை நாத்தம்னு சொன்னேன்! காதுமா போயிடுச்சு உனக்கு?"

ஒடெசா சட்டையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி அதை அலசக் குழாயடிக்குப் போனாள்.